அட்டைப் பெட்டிக்குள் அமர்ந்திருந்தவர்

குளிர்பதனப் பெட்டி வந்திறங்கிய பெரிய அட்டைப் பெட்டி ஒன்று, எங்கள் ஆலையின் கேன்டீன் நடுவே நின்றுகொண்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் சன்னல்போல் ஒரு சதுரம் வெட்டப்பட்டிருந்தது. உள்ளே முக்காலி போட்டு ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். மின்விசிறிக் காற்று எட்டாத அந்த இடத்தில், வியர்வை வழிய வழிய, சன்னலில் படம் வரைந்த தாள்களை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். வெளியே நிற்பவர் தாளைத் தொட்டால், உள்ளிருந்து அடுத்த தாள் வரும். அவர்தாம் இயந்திரம், தாள்தான் திரை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது அந்தப் பெட்டியே.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மசாலாத் தூளைப் பொட்டலமிடும் ஆலை ஒன்றில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். பழைய இயந்திரங்களுக்குப் பதிலாகத் தொடுதிரை கொண்ட புதியவை வந்தன. திரை முழுதும் ஆங்கிலம். இயக்குவோரில் தமிழ் படிக்கத் திணறுவோரும், தெலுங்கு மட்டுமே பேசுவோரும், வடக்கிலிருந்து வந்தோரும் இருந்தனர். சோதனை ஓட்டத்தில் திரையைக் கையாளத் தெரியாதவர்கள் மூட்டை ஏற்றும் பகுதிக்கு மாற்றப்படுவர் என்று மேலாளர் அறிவித்துவிட்டார். நாங்கள் 'மெஷின் அக்கா' என்று அழைத்த மூத்த பெண்மணிக்கு அப்போதே முழங்காலில் வலி. மூட்டைப் பகுதிக்குப் போனால் மழைக்காலம்வரைகூடத் தாங்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். திரையை எளிமையாக்கித் தருவதற்கென்று சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்டவரே பெட்டிக்குள் இருந்த வடிவமைப்பாளர்.

அவருடைய வேலைமுறை எங்களுக்குப் புதிது. தேநீர் வேளைகளில் எல்லாரையும் சுவரருகே கூட்டி, இயந்திரம் தன் கோளாற்றை எப்படித் தெரிவிக்கலாம் என்று கேட்பார். எவ்வளவு அபத்தமாகச் சொன்னாலும் வரைந்து ஒட்டுவார். சுவர் நிறையும்வரை 'ஆவாது' என்ற சொல்லை எவரும் உச்சரிக்கக் கூடாது என்பது அவர் இட்ட ஒரே விதி.

"தப்பா இருந்தாலும் பரவால்ல அக்கா, மனசுல வர்றத சொல்லுங்க" என்றார் ஒரு நாள்.

"தப்பா சொல்றதுக்கும் சம்பளமா? இது தெரியாம இத்தினி நாளு சரியா வேலை செஞ்சிக்கினு இருந்தேனே" என்றார் அக்கா.

இயந்திரம் குழந்தைபோல் அழட்டும் என்றார் ஒருவர். "பேஜாரு ஆச்சின்னா சூப்பர்வைசர் சாருக்கு அதுவே போன் போடட்டும். அவருதான் சும்மா உக்காந்துக்கினு கீறாரு" என்றார் இன்னொருவர். அதையும், என் வழுக்கைத் தலை உட்பட, அழகாக வரைந்து ஒட்டினார்.

அத்தனையிலிருந்தும் அவர் தேர்ந்தெடுத்தது, கோளாறுக்கு ஒன்றாக ஆறு சிறு படங்களைக் கட்டங்களில் அடுக்கிய ஒரு திரை. அதில் அவருக்கு மிகுந்த பற்று. ஆனால் பெட்டியின்முன் நின்ற அக்காவுக்கு அது பிடிபடவேயில்லை. ஒன்றைத் தொட வேண்டிய இடத்தில் வேறொன்றைத் தொட்டார். "எனக்கு இது வராது மேடம். உடுங்க, நான் மூட்டையே தூக்கறேன்" என்று பின்வாங்கினார்.

"இன்னும் ஒரே தடவை அக்கா" என்று உள்ளிருந்து கெஞ்சல் வந்தது. 'தூள் அடைத்துக்கொண்டது' என்று சொல்லி, தாளை வைத்தார்.

பழைய இயந்திரத்தில் தூள் அடைத்துக்கொண்டால், மேல் தொட்டியின் இடப்புறத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவது எங்கள் வழக்கம். ஆறு படங்களிலும் தேடிக் குழம்பிய அக்காவின் கை, அந்தப் பழக்கத்தில் தானாக எழுந்து, பெட்டியின் இடப்புற மேல்மூலையில் இறங்கியது. அட்டை அமுங்கியது. அடி உள்ளே இருந்தவரின் காதோரத்தில் விழுந்தது.

வேலையே போயிற்று என்று அக்கா கைகூப்பி நின்றார். கலைந்த தலையும் கையில் பிடித்த மூக்குக்கண்ணாடியுமாக வெளியே வந்த வடிவமைப்பாளர், காதைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அக்கா, ஏன் இந்த எடத்துல அடிச்சீங்க?"

"அங்கதான மேடம் அடச்சிக்கும்."

"பை ஒட்டலன்னா?"

அக்கா குனிந்து பெட்டியின் அடிப்பகுதியைத் தொட்டார்.

"பை கோணலா வந்தா?"

கை யோசிக்காமல் வலப்புறம் போயிற்று. ஒருமுறைகூடத் தவறவில்லை.

வடிவமைப்பாளர் தம் ஆறு கட்டங்களையும் தாமே கிழித்தார். பெரிய தாளில் இயந்திரத்தையே முழுதாக வரைந்தார். எங்கே கோளாறோ அந்த இடம் சிவக்கும். அந்த இடத்தைத் தொட்டால் போதும். புதிய இயந்திரத்தின் தொட்டி கைக்கெட்டாத உயரத்தில் இருந்தது. திரையில் தொட்டவுடன் அது தன்னைத்தானே உலுக்கிக்கொள்ளும்.

நல்ல யோசனை, தனித்திருப்பவர்க்கு மின்னல்போல் தோன்றுவது என்று படித்திருந்தேன். இதுவோ வீணான தாள்களின் குவியலிலிருந்தும், சிரிப்பிலிருந்தும், ஓர் அடியிலிருந்தும் பிறந்தது. வலிக்கும் காதோடு அவர் கோபிக்காமல் கேள்வி கேட்டதை நான் இன்றளவும் வியக்கிறேன்.

சோதனை ஓட்டத்தன்று மேலாளர் வேண்டுமென்றே தூளை அடைக்கச் செய்தார். திரையில் தொட்டியின் படம் சிவந்தது. அக்காவின் உள்ளங்கை உயர்ந்தது. திரையின் கண்ணாடி நொறுங்கப் போகிறதென்றே நினைத்தோம். உயர்ந்த கை பாதியில் மடங்கி, ஒரு விரல் மட்டும் நீண்டு, சிவப்பை மெல்லத் தொட்டது. தொட்டி குலுங்கியது, தூள் இறங்கியது. "இவங்க இங்கயே இருக்கட்டும்" என்றார் மேலாளர்.

அக்கா வடிவமைப்பாளரிடம் போய், "கண்ணாடியாச்சேன்னு உட்டுட்டேன் மேடம். உள்ள நீங்க இருந்திருந்தா அடிச்சிருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டே அவர் மூக்குக்கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

அவர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். நானும் ஓய்வுபெற்றுப் புதுவாயலில் இருக்கிறேன். அந்தத் திரையில் அவர் பெயர் எங்கும் இல்லை. வடக்கிலிருந்து புதிதாக வரும் பெண்கள் யாரும் கற்றுக்கொடுக்காமலே அதைக் கையாள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

சென்ற வாரம் மெஷின் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கடைசி நாள்வரை மெஷினில் நின்றுவிட்டு, அவரும் ஓய்வுபெற்றுவிட்டாராம். நெடுஞ்சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தார்.

"ஷேர் ஆட்டோவுல வந்திருக்கலாமே அக்கா?" என்றேன்.

"இன்னாத்துக்கு சார்? மூட்ட தூக்காத முட்டி. நல்லா நடக்குது."

தண்ணீர் குடித்துவிட்டு, அந்த மேடத்தின் போன் நம்பர் என்னிடம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முழங்கால்களை உள்ளங்கைகளால் தடவிக்கொண்டார்.

"கெடச்சா சொல்லுங்க சார்" என்றார் எழுந்துகொண்டே. "நான் நடந்துதான் வந்தேன்னு சொல்லணும்."