முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்

என் அறைத்தோழி சாலையைக் கடக்கும்போதே ஒரு பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து இன்னொரு பையில் திணித்துக்கொள்வாள். காலையில் தகவலியல் துறை. மதியம் எதிர்க் கட்டடத்தில் பொதுக்கொள்கை. இரண்டு முதுகலைப் படிப்பையும் ஒன்றாகப் படிக்கிறாள். நாங்கள் வைத்த பெயர் ‘டபுள் டிக்கெட்’. “காலையில எப்படின்னு படிக்கிறேன், மத்தியானம் யாருக்குன்னு படிக்கிறேன். ரெண்டும் ஒரே படிப்புதான்டி” என்பாள் என்னிடம்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நிரப்பாத விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்துவிடுவாள். பேருந்தில் அதைப் படித்துச் சிரிப்பாள். “‘இறந்தவர் கையொப்பம்’னு கட்டம் போட்டிருக்காங்க பாரேன்!”

சென்ற மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. நகராட்சியின் இலவச மருந்துப் பட்டியலிலிருந்து சிலர் ஏன் காணாமல் போனார்கள் என்று கண்டுபிடிப்பது கொள்கை வகுப்பில் அவளுக்குக் கொடுத்த வேலை. ஒரு முதியோர் இல்லத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. எல்லோருக்கும் ஒரே ஆண்டின் ஜனவரி ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்று, இரட்டைப் பதிவுகளை நீக்கும் கணினி விதி பெயரைப் பார்க்கவே இல்லை. ஒரே தேதி, ஒரே முகவரி என்றால் ஒரே ஆள். முதல் பெயரை வைத்துக்கொண்டு மீதி முப்பத்தேழையும் நீக்கிவிட்டது.

அந்த விதியைத் திரையில் படித்தவள் எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயோ… இது நான் எழுதினதுடி.”

இளங்கலை முடித்த கையோடு நகராட்சியில் மூன்று மாதம் தற்காலிக வேலை பார்த்திருக்கிறாள். அப்போது எழுதிய நான்கு வரி. சீக்கிரம் முடித்ததற்குப் பாராட்டு வேறு வாங்கியிருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்புதான் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்களாம். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

அறிக்கையில் தன் பெயரையும் எழுதினாள். “அது எதுக்கும்மா? விதின்னு மட்டும் போடேன்” என்றார் பேராசிரியர்.

“அப்படிப் போட்டா அது தானா முளைச்ச மாதிரி இருக்கும் சார்.”

இரண்டே வாரத்தில் முப்பத்தேழு பேரும் பட்டியலில் ஏறினார்கள். செய்தி சொல்ல இல்லத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். கட்டிலில் இருந்த பெரியவர், ஒரு காலத்தில் தையல்காரர், கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“எட்டு மாசமா சொட்டு மருந்து இல்ல. இடது கண்ணு போயிடுச்சும்மா. போய்க் கேட்டா, உங்க பேரே இல்லைன்னாங்க. எந்தப் புண்ணியவான் பாத்த வேலையோ!”

“நான்தான் ஐயா.”

அவர் மற்றக் கண்ணால் அவளையே பார்த்தார். நான் அவள் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். கையை விடுவித்துக்கொண்டு, அவள் அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.