திறந்திருந்த மைக்

அரசுத் தொலைக்காட்சியில் யாராவது பேசும்போது திரையின் அடியில் எழுத்துகள் ஓடுமே, அவற்றைத் தட்டச்சு செய்வது என் மனைவி. அவளுடைய அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதனால்தான் இந்த வேலையைத் தேடிப் போனாள். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஆள் எங்கோ போய்விடுவாள். பாதித் தூக்கத்தில் இருக்கும் முகம். "இன்னிக்கு என்னதான் பேசினாங்க?" என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்? காதுல விழுறது அப்படியே விரல் வழியா போயிடும்" என்பாள். நான் வீட்டில் பேசுவதற்கு அந்த விரல் மரியாதைகூடக் கிடையாது.

மலைக்குள் ரயில் சுரங்கம் இடிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் என் சகலையும் ஒருவர், அக்காவின் கணவர். அறுவை மன்னன். அவர் வந்தாலே நான் மாடிக்கு ஓடிவிடுவேன். இப்போது அந்தக் குரலுக்காக ஏங்கினேன். சுரங்கத்தின் பக்கம் பத்திரிகைக்காரர்களை அண்டவிடவில்லை. அரசின் செய்தித் தொடர்பாளர் மட்டும் தினமும் டிவியில் வந்து, "மீட்புப் பணி தீவிரமா நடக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். அக்கா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பனி விலகவே இல்லை. காலை எது, மாலை எது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் பத்திரிகையாளர் கூட்டம் தொடங்கும் முன்பே மைக்கைத் திறந்துவிட்டார்கள். தொடர்பாளர் அருகிலிருந்த அதிகாரியிடம் குனிந்து ஏதோ கிசுகிசுத்தார். என் மனைவியின் விரல்கள் வழக்கம்போல ஓடின. 'தோண்டுறதை நேத்தே நிறுத்தியாச்சு. தேர்தல் முடியுற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது.'

நாடே படித்தது. அக்காவும் படித்தாள். ஐயோ, அவள் எழுந்து நின்ற விதம்!

பத்திரிகைக்காரர்கள் சுரங்கத்துக்குப் பறந்தார்கள். குடும்பங்கள் பின்னாலேயே போய் வாசலை மறித்தன. இருட்டுவதற்குள் இயந்திரங்கள் மறுபடி உறுமத் தொடங்கின. அரசாங்கமோ, பணி ஒரு கணமும் நிற்கவில்லை என்று சாதித்தது.

என் மனைவியை விசாரணைக்கு அழைத்தார்கள். "நீங்களா கற்பனை பண்ணி அடிச்சதா எழுதிக் கொடுங்க. இல்லன்னா ரகசியச் சட்டத்துல உள்ளே போகணும்" என்றார் விசாரணை அதிகாரி.

"கற்பனை பண்ற அளவுக்கு நான் முழிச்சே இல்லையே சார்" என்றாள் அவள். "கேட்டதை அடிச்சேன். அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு வரும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

சகலையை உயிரோடு வெளியே கொண்டுவந்த அன்று நாங்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்றிருந்தோம். ஸ்ட்ரெச்சரில் புழுதி மூடிய உருவம். வெளிச்சத்துக்குக் கண் கூசியது அவருக்கு. வெளியே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தொடர்பாளர் முந்திக்கொண்டு மைக்கை நீட்டினார்.

"நாங்க தோண்டுற சத்தம் விடாம கேட்டுச்சுல்ல?"

என் மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். இவர் ஆமாம் என்றால் அவள் பொய்க்காரி, சிறைதான்.

"இல்ல சார்" என்றார் சகலை. "நடுவுல நின்னுடுச்சு. ரொம்ப நேரம். எங்களை விட்டுட்டீங்கன்னு நெனச்சோம். அப்புறம் யாரும் பேசிக்கவே இல்லை."

பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அக்கா மட்டும்தான் கேட்கவில்லை. தங்கையின் தோளை உலுக்கி, என்ன சொன்னார் என்று கையால் கேட்டாள். என் மனைவியின் கைகள் மேலே எழுந்தன. 'எங்களை' என்று சொன்னவை, அதற்குமேல் அசைய மறுத்தன.