கோயிலுக்குப் போன ஆம்ப்ளிஃபையர்

இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆம்ப்ளிஃபையரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் யாரோ கோயிலுக்கு என்னென்னவோ கொடுக்கிறார்கள். குத்துவிளக்கு கொடுக்கிறார்கள், அண்டா கொடுக்கிறார்கள், யார் வேண்டாம் என்றது? என் அப்பா கொடுத்தது எதை? மலேசியாவில் சிலிம் ரிவருக்குப் பக்கத்தில், நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், வேறு எந்த வீட்டிலும் இல்லாத ஒன்றை.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்புகிறார் என்று பங்களா சாமான்களை விற்றார்கள். கணக்குப் பார்க்கும் கிராணி மேசையை எடுத்துக்கொண்டார், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கட்டிலை எடுத்துக்கொண்டார். எங்கள் அம்மா ஆசைப்பட்டது தையல் மெஷினுக்கு. ரப்பர் ஆலையில் உருளை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவோ, ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியையும் இரண்டு ஸ்பீக்கரையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. முகப்பில் ஒரு சுவிட்ச், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஸ்டேஷன் பிடிக்க முள் இல்லை, சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகு இல்லை. இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி தகடுகள். சாயங்காலம் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அப்பா சுவிட்சைப் போட்டார். வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் விளக்கெல்லாம் ஒரு கணம் மங்கித் தெளிந்தன. பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை. லயமே எங்கள் வாசலில் நின்று சிரித்தது.

"என்னா ரேடியோங்க இது? பாட்டும் வரல, செய்தியும் வரல, சூடு மட்டும் வருது. இட்லி மாவ மேல வெச்சா பொங்குமா?" என்றாள் அம்மா.

ஈப்போவில் எலெக்ட்ரிக் கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மச்சான், இது பவர் ஆம்ப்ளிஃபையர்லா. இதுக்குப் பலம் மட்டுந்தான் இருக்கு. பாட்ட எடுத்துக் குடுக்க முன்னால இன்னொரு பெட்டி வேணும். துரை அத வேற எங்கயாவது வெச்சிருந்திருப்பாரு. நீங்க கனமா இருந்தத மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்க!"

அப்பா பதில் சொல்லாமல் சிரித்தார். யார் என்ன சொன்னாலும் அந்தச் சிரிப்புதான். கடை மூலையில் கிடந்த முன்பெட்டி ஒன்றை மாமா அடுத்த முறை கொண்டுவந்து, எங்கள் கேசட் பெட்டியையும் சேர்த்து இணைத்தார்.

அன்று கேட்டதை எப்படிச் சொல்வேன்! தேயத் தேயக் கேட்ட அதே நாதஸ்வரக் கேசட்தான். ஆனால் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது. தவில் அடி என் நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. சத்தம் வளர்ந்ததே தவிரக் கெடவில்லை. அம்மா தையல் மெஷினை மறந்து பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். தகட்டுச் சூட்டில் சந்தனம் காய்ந்து உதிர, வீடெல்லாம் வாசனை. அப்பா நாற்காலியில் உட்காரமாட்டார். தரையில் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொள்வார். "இன்னும் கொஞ்சம் கூட்டுலா" என்பார். நான் கூட்டுவேன். இப்படி ஒரு ரசிகரா என் அப்பா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையை ஊர் விட்டுவைக்குமா? விளக்கு மங்குகிறது, பிள்ளைகள் தூங்கவில்லை என்று முணுமுணுத்தார்கள். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில், அத்தனை பெண்கள் முன்னால், எதிர்வீட்டு அக்கா அம்மாவைக் கேட்டாள்: "ஏங்க்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு என்னா, காது செவிடா? அடோய், கிராணி வீடு வரைக்கும் கேக்குது!"

எனக்கு வந்ததே கோபம்! "யாருக்குச் செவிடு? எங்கப்பாவுக்கு நாயனக்காரரு மூச்சு விடுறதுகூடக் கேக்கும்!" என்று கத்தி, அவள் வாளியை எட்டி உதைத்தேன். அம்மா என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போய், என் வாயைப் பொத்தித் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தாள். அப்பா வந்ததும் அவர் முகத்துக்கு நேரே நின்று ஏதோ சொன்னாள். அப்பாவிடம் எப்போதும் எதிரில் வந்து நின்றுதான் பேசுவாள். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே அப்பா, யாரும் கேட்காமல், கோயில் தலைவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். இரவல் இல்லை, ஒரேயடியாக! லயம் ஒரே நாளில் பேச்சை மாற்றிக்கொண்டது. எதிர்வீட்டு அக்காவே, "தங்கமான மனசு" என்றாள்.

விஷயம் தெரிந்து மாமா ஓடி வந்தார். "தலைவரே, இது வீட்டுக்குள்ள கேக்குற சாமான். கோயில் குழாய் ஸ்பீக்கர்ங்கள இதுல மாட்டாதீங்க, கருகிக் கெட்டு ரோசாக் ஆயிடும்."

"ஆத்தா பாத்துக்குவா தம்பி" என்றார் தலைவர்.

திருவிழா அன்று பார்க்க வேண்டுமே அந்தக் கொடுமையை! கோயிலுக்கு வந்த பொருள் என்று பக்தியோடு மஞ்சள் துணியைப் பெட்டிக்கு இறுகச் சுற்றி, மாலையும் போட்டிருந்தார்கள். சூடு வெளியேற வேண்டிய தகடுகள் அத்தனையும் துணிக்குள். மரத்துக்கு மரம் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டியின் தலையில். தலைவர் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. அரிசி கொடுத்தவர், வாழைத்தார் கொடுத்தவர் என்று நன்றி சொல்லிக்கொண்டே போனார். எந்தப் பெட்டியில் பேசிக்கொண்டிருந்தாரோ அதைக் கொடுத்த மனிதரின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

துணியில் புகையை முதலில் பார்த்தது நான்தான். அப்பா சற்று முன்னால், எனக்கு முதுகைக் காட்டி, கரகம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். "அப்பா! புகையுதுப்பா! அப்பா!" தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பவில்லை. தலைவரின் குரல் கொரகொரத்து இழுபட்டு அறுந்தது. கூட்டம் மொத்தமும் பெட்டிப் பக்கம் திரும்பியது. எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத் திரும்பியவர் அப்பா.

"மாமா அப்பவே சொன்னாருல்ல!" என்று நான் தலைவர்மேல் பாய்ந்தேன்.

"பொம்பளப் புள்ளைக்கு என்னா வாயி" என்றார் அவர். அதற்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

சீ, இவரும் ஒரு அப்பாவா என்று அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். பள்ளி விடுமுறை முழுவதும் ஒரு சொல் பேசவில்லை. மனுஷன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னைப் பார்த்தால் அதே சிரிப்பு. மகள் பேசாததுகூட உறைக்கவில்லையே என்றுதான் எனக்கு இன்னும் அழுகையாக வந்தது.

கம்பெனி தோட்டத்தை விற்றுவிட, நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "ஆலையில அந்த உருள மெஷினு எரச்சல் அவரு காத எப்பவோ தின்னுடுச்சி. சின்ன ரேடியோ கேக்காமப் போயிதான் அந்தப் பெட்டிய வாங்குனாரு. ஆபீஸ்ல தெரிஞ்சா வேலையும் போயிடும், லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. குழாயடியில அவ செவிடான்னு கேட்டதும் எனக்கு உசுரே போச்சி. பெட்டி வீட்ட விட்டுப் போனாத்தான் அந்தப் பேச்சு நிக்கும்னு குடுத்தாரு."

கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. அந்த மெஷின் இரைச்சல் எட்டாத மேட்டுப் பங்களாவில் உட்கார்ந்து, நாயனக்காரர் மூச்சுவரை கேட்கிற பெட்டியை வைத்துப் பாட்டுக் கேட்ட துரை, காது இரண்டையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மெஷின் பக்கத்தில் நின்ற மனிதருக்குக் காதில் அடைக்கப் பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை.

நான் பேசாமல் இருந்ததை அப்பா ஏன் கண்டுகொள்ளவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பெட்டி போன நாளிலிருந்தே அந்த வீட்டில் எந்தச் சத்தமும் அவர் காதில் விழவில்லை. அதில் நான் பேசாதது அவருக்கு எப்படித் தனியாகத் தெரியும்?