தம்பி அனுப்பிய சிவப்பு மிட்டாய்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்று அழுதேன்.

பதறாதீர்கள்... சந்தோஷத்தில்தான். நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாகப் புது முடி முளைத்து, எண்ணெய் வைத்தாலும் படியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன, கரண்டு கம்பிய தொட்டவ மாதிரி நிக்கிற?”

வேறொரு நாளாக இருந்தால் அவருக்கு அன்று காபி கிடைத்திருக்காது. நானோ இரண்டாவது டம்ளரும் போட்டுக் கொடுத்தேன்.

மாசி, பங்குனி மாதங்களில் இந்தப் பக்கத்தில் நான் எழுதியது எதிலும் உப்புச் சப்பில்லை என்று சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். ‘டீச்சருக்கு என்ன ஆச்சு?’ என்று ஒருவர் கேட்டே விட்டார். இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

சீப்பில் ஒரு கொத்து, தலையணையில் ஒரு கொத்து, பாத்ரூமில் தண்ணீர் போகிற ஓட்டையில் ஒரு பந்து. ஒருநாள் ரசத்திலும் ஒன்று மிதந்தது. வழக்கமாக அதற்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிற மனிதர், அன்று அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரே திட்டவில்லை என்றால் விஷயம் பெரிசுதான்!

“முடிதானடி... எனக்குப் போனப்ப யாராச்சும் அழுதீங்களா?” என்றார், தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே.

அவருக்கு எப்படிச் சொல்வேன்? முடி போவது அல்ல என் பயம். என் அம்மாவுக்குப் புற்றுநோய் வைத்தியம் நடந்தபோது, தினமும் காலையில் அவள் தலையணையில் கிடந்த முடியைப் பொறுக்கியவள் நான். அது நோயால் கொட்டவில்லை, மருந்தால்தான் கொட்டியது என்று எனக்குத் தெரியும். படித்தவள்தானே! ஆனால் கையோடு ஒரு கொத்து வருகிறபோது படித்ததெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது? எனக்குள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு சகாயமேரி அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். “என்ன டீச்சர், வகிடு இம்புட்டு அகலமா தெரியுது? சின்ன வெங்காயத்த அரைச்சுத் தேய்ங்க. ஒரே மாசம்... நிக்கலைன்னா என்னைக் கேளுங்க!”

தேய்த்தேன். செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாமே என் தலையில் ஏறி இறங்கின. பள்ளிக்கூடத்துக்குப் போகிற மணமேல்குடி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: “டீச்சர், ஒங்ககிட்ட சாம்பார் வாசம் வருது.”

இதற்கிடையில் துபாயிலிருந்து என் தம்பி செல்வத்தின் பெட்டி வந்தது.

அறந்தாங்கிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வாங்கி, அட்டைப்பெட்டியில் அமுக்கி, டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, கார்கோவில் போட்டு விடுவார்கள். பால் பவுடர், சோப்பு, பேரீச்சம்பழம், பிஸ்தா, கம்பளிப் போர்வை, தைலம், டார்ச் லைட்... பிரித்துப் பார்க்க அக்கம்பக்கமே வரும். இந்த முறை அதில் ஒரு டப்பா புதிது. மேலே இடுப்பு வரை கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரி. உள்ளே பழ ஜெல்லி மாதிரி சிவப்பு மிட்டாய்.

செல்வம் வீடியோ காலில் வந்தான். ஏ.சி. மெக்கானிக். தொப்பியைக் கழற்றவே மாட்டான். ஏன் என்று குடும்பத்துக்கே தெரியும்.

“முடிக்கு நல்லதுக்கா. எங்க ரூம்ல எல்லாரும் இதத்தான் சாப்புடுறோம்.”

அந்த ரூமில் ஆறு பேர். ஆறு பேருக்கும் தொப்பி! அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் தம்பி அனுப்பியது ஆயிற்றே... ருசியும் நன்றாக இருந்தது.

முடி மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் வகிட்டைப் பார்த்தார், நாலு முடியை மெதுவாக இழுத்துப் பார்த்தார், கேள்வி கேட்டார்.

“சமீபத்துல காய்ச்சல் ஏதும் வந்துச்சா?”

“இல்ல டாக்டர்.”

“மாத்திரை, மருந்து ஏதாச்சும் சாப்புடுறீங்களா?”

“ஒண்ணுமில்ல டாக்டர்.”

இரண்டு பதிலும் தப்பு. ஆனால் சத்தியமாக, நான் பொய் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. தைராய்டு வரிசையில் எல்லா எண்ணும், அளவு தப்பியிருக்கிறது என்று தடித்த எழுத்தில்! நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? போனில் தேடினேன். சுரப்பி அதிகம், கட்டி, ஸ்கேன், ஆபரேஷன்... போன் ஒன்று விடாமல் சொன்னது. படிக்கப் படிக்க நெஞ்சு படபடத்தது. படபடப்பும் ஒரு அறிகுறி என்று அடுத்த வரியில் போட்டிருந்தது!

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பீரோ சாவி எங்கே, பத்திரம் எங்கே என்று வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. அடுத்த முறை டாக்டரிடம் அவரும் கூடவே வந்தார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

“ரிப்போர்ட்ல தைராய்டு ஜாஸ்தியா காமிக்குது. ஒங்களைப் பாத்தா அப்புடித் தெரியல. எதுக்கும் திருச்சியில ஒருத்தருக்கு லெட்டர் தாரேன், போய்க் காமிங்க.”

திருச்சி என்றதும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அம்மாவைக் கூட்டிப் போன ஊர் அது. அவர் லெட்டர் எழுதிக்கொண்டிருக்க, நான் கைப்பையைத் திறந்து, பழக்க தோஷத்தில் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டேன்.

பேனா நின்றது.

“என்ன அது?”

“மிட்டாய் டாக்டர்... தம்பி துபாய்ல இருந்து அனுப்புனான்.”

“குடுங்க பாப்போம்.”

டப்பாவின் முதுகில் இருந்த பொடி எழுத்தை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இத எத்தன நாளா சாப்புடுறீங்க? ஒரு நாளைக்கு எத்தன?”

“ரெண்டு...” என்று இழுத்தேன்.

“காலையில ரெண்டு, ஸ்கூல்ல ரெண்டு, டிவி பாக்கையில கணக்கே இல்ல டாக்டர்” என்றார் எங்கள் வீட்டுக்காரர். கட்டின மனுஷன்!

டாக்டரம்மா எழுதிய லெட்டரை ஓரமாக வைத்தார். “இதுல பயோட்டின்னு ஒரு சத்து நெறையா இருக்கு. இது ஒங்க தைராய்ட கெடுக்காது. டெஸ்ட்டத்தான் கெடுக்கும். தைராய்டு ஜாஸ்தின்னு தப்பா காமிச்சுரும். ஒரு வாரம் நிப்பாட்டிட்டு மறுபடி ரத்தம் குடுங்க. மருந்து சாப்புடுறீங்களான்னு கேட்டேனே, ஏன் சொல்லல?”

“இது மருந்தா டாக்டர்?”

அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். டாக்டர் கேட்டால் நாம் எதை மருந்து என்று சொல்கிறோம்? மருந்துக்கடையில் சீட்டு காட்டி வாங்கியதை மட்டும்தான். பக்கத்து வீட்டு லேகியம், சம்பந்தி கொடுத்த சூரணம், பெட்டியில் வந்த டப்பா... இதெல்லாம் நம் கணக்கில் சாப்பாடு, இல்லையென்றால் பாசம். பாசத்தை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

அடுத்த குட்டும் அங்கேயே உடைந்தது.

“நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா?”

நான் இல்லை என்று தலையாட்டுவதற்குள் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “கார்த்திகையில பத்து நாள் படுத்த படுக்கையா கெடந்தாளே டாக்டர். வெறும் கஞ்சிதான்.”

“அதாம்மா! கடுமையான காய்ச்சலுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் முடி கொட்டும். அதுக்குள்ள காய்ச்சலையே மறந்துருவீங்க. வேரெல்லாம் நல்லா இருக்கு. தானா மொளைக்கும்.”

ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். தைராய்டு வரிசையில் ஒரு எண்கூடத் தடிக்கவில்லை! இரும்புச்சத்து மட்டும் குறைவு. அதற்கு மாத்திரை, அதோடு முட்டை, கீரை, கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான் என் வைத்தியம்.

“வெங்காயம், டாக்டர்?” என்றேன்.

“சாம்பார்ல போடுங்க.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அப்படியே விசும்பிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் தூசி என்பார், அதனால் கேட்கவில்லை. இருவரும் ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். அத்தனை நாள் பயத்துக்குப் பிறகு அப்படி ஒரு வடையை நான் தின்றதே இல்லை.

செல்வத்திடம் சொன்னபோது அவன் பதறிப்போனான். “ஒன்ன ஆஸ்பத்திரிக்கு அலையவிட்டுட்டேனேக்கா...” என்றான். பிறகு தயங்கித் தயங்கி, முதன்முறையாக என் முன்னால் தொப்பியைக் கழற்றினான்.

“அப்ப எனக்கு இது வேலைக்கு ஆகாதாக்கா? ரெண்டு வருசமா திங்கிறேன்.”

எங்கள் அப்பாவின் தலை அப்படியே அவனுக்கு. டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டு வைத்திருந்தேன். “ஒனக்கு அப்பா வழியில வந்ததுடா. அதுக்கு வேற மருந்தாம். சீக்கிரம் ஆரம்பிச்சா இருக்கறதக் காப்பாத்தலாம், விடாம போடணுமாம். லீவுல வா, நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ரூம்ல சொல்றதக் கேக்காத.”

“சரிக்கா” என்றான். தொப்பியைத் திரும்பப் போடவில்லை.

நேற்று அவனுடைய அடுத்த பெட்டி வந்தது. டேப்பைக் கிழித்துத் திறந்தால், பேரீச்சம்பழத்துக்கு மேலேயே ஒரு பை. உள்ளே கலர் கலராக ஒரு டஜன் ஹேர் கிளிப். ‘புது முடிக்கு’ என்று ஒரு துண்டுச் சீட்டு.

டாக்டரம்மாவிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.