சித்திரையில் போக வேண்டிய குகை

பொறுமையைப் பற்றி என்னிடம் யாரும் பேசக் கூடாது. பஸ் வரக் கொஞ்சம் தாமதமானால் அடுத்த ஸ்டாப் வரை நடந்தே போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பயணத்துக்காகச் சித்திரையிலிருந்து தை வரை காத்துக் கிடந்தேன். அந்த மாதங்களில் என்னோடு ஒரே வீட்டில் இருந்ததற்கு அம்மாவுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

2008ஆம் வருடம். கம்பத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் பில் போடும் வேலை எனக்கு. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டார். நிலைப்படியில் இடித்துக்கொள்வது, பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவது என்று அவர் செய்துகொண்டிருந்ததை நாங்கள் கவனக்குறைவு என்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தோம். மதுரைக்குக் கூட்டிப்போனபோதுதான் அது கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொன்னார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருமாம். போனது போனதுதானாம். சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாதும்மா" என்றார். திரும்பி வரும் வழியில் தேனி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபோது, சீனி கம்மி என்று மட்டும் அப்பா சொன்னார்.

கடைக்கு ஏதாவது அச்செடுக்க வேண்டுமென்றால் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அங்கே ஒருநாள் வேறு எதையோ தேடப்போய் அந்தப் படம் கண்ணில் பட்டது. கேரளக் கடற்கரையில் ஒரு பாறைக் குகை. உள்ளே ஒல்லியான படகில் ஒருத்தி தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கீழே தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. பிடித்துப்போய் அதையும் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் நகர்த்தி நகர்த்தி, துண்டு துண்டாகப் பார்த்தார்.

"இது என்னத்தா, பரிசலா?"

"கயாக்குப்பா. உள்ள உக்காந்து நாமளே துடுப்புப் போட்டுப் போகணும்."

"நாமளே போகலாமா?" படத்தை மறுபடி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு, "கண்ணு இருக்கும்போதே இதை ஒரு தடவை பாத்துரணும்த்தா" என்றார்.

தீபாவளிக்குச் சட்டை எடுக்கவே கெஞ்ச வேண்டிய மனுசன். எனக்கு விவரம் தெரிந்து அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை இதுதான்.

மறுநாளே, படத்துக்குக் கீழே நம்பர் போட்டிருந்த படகுக்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் கடைக்குக் குமுளிக்கு மேலே இருந்து ஏலத்தோட்டக்காரர்கள் வருவார்கள் என்பதால் மலையாளம் ஒருமாதிரி ஓடும். அவரும் பாதி தமிழ் பேசினார். "குகைக்கு வாய் ரொம்பத் தாழ்ந்ததாக்கும் மோளே. கடல் நல்லா எறங்கினாத்தான் உள்ள கேற முடியும். அமாவாசை, பௌர்ணமிக்கு வரணும். விடியக்காலம் இங்க இருக்கணும்" என்றார். அப்பா போனைப் பிடுங்கி, "அண்ணே, எத்தனை மணிக்குத் தண்ணிய அடைப்பாக?" என்று கேட்டார். அணையில் திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும் என்றே தண்ணீரைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் வேறு எப்படிக் கேட்பார்! அந்தப் பக்கம் மனுசன் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

சித்திரைப் பௌர்ணமி என்று முடிவு செய்தோம். அதை விட்டால் வைகாசியில் கேரளத்து இடவப்பாதி மழை வந்துவிடும், கடல் பக்கமே போக முடியாது, பிறகு மழையெல்லாம் ஓய்ந்துதான் என்று படகுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்தின ராத்திரி தங்க அறை சொன்னேன். குமுளிக்கு ஜீப், அங்கிருந்து பஸ் எல்லாம் விசாரித்தேன். லீவு கேட்டபோது முதலாளி, "கடல்ல போயி என்னம்மா மருந்து அடிக்கப் போறீகளா?" என்று நக்கலடித்தார். அதற்கெல்லாம் கோபப்பட எனக்கு நேரமில்லை. திட்டம் போட்டு முடித்த பிறகும் கை கால் ஓயவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் படகுக்காரருக்குப் போன் போட்டு, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கடல் இங்கதான் உண்டு மோளே, எங்கயும் போகல" என்பார்.

வீட்டு முற்றத்தில் ஒத்திகை வேறு நடந்தது. நீள பெஞ்சில் அப்பா முன்னால், நான் பின்னால். கையில் ஆளுக்கொரு தென்னமட்டை. நான் "இடது, வலது" என்று கத்த, அப்பா பெஞ்சு அதிரத் துழாவினார். அம்மா துவைக்கிற துணியைப் போட்டுவிட்டு வந்து நின்று, "அப்பனும் மகளும் கரை சேந்துட்டா எனக்கு ஒரு தாக்கல் சொல்லுங்க" என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்துக்கொண்டே மட்டையை இடது பக்கம் வீசினார். அங்கே இருந்த தண்ணீர்க் குடம் உருண்டது. பக்கத்திலேயே இருந்த குடம். அது அங்கே இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வருகிறேன், தெருவில் தண்டோரா போட்டுக்கொண்டு போகிறார்கள். திருவிழாவுக்குச் சாமி சாட்டியாயிற்று. எங்கள் ஊரில் சாமி சாட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், இருட்டினால் ஊருக்குள் இருக்க வேண்டும். நிலாவைப் பார்த்தேன், மழையைப் பார்த்தேன், பஸ்ஸையும் லீவையும் பார்த்தேன். பிறந்த ஊரின் திருவிழாவை மறந்துபோனேன். சில வருடம் அது சித்திரையில் வரும், சில வருடம் வைகாசியில். ஊர்க்கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு அப்பாவும் போயிருந்தார்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீங்களும் அங்கனதான இருந்தீக? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"என்னான்னு சொல்ல? நான் கடல்ல படகு விடப் போறேன், சாமியைக் கொஞ்சம் தள்ளிக் கும்பிடுங்கன்னா?"

"யாருக்கும் சொல்லாமப் போயிட்டு வந்துருவோம்ப்பா. ஒரு ராத்திரிதான?"

"போயிட்டு வந்த மறுநாளு ஊருல ஒரு பச்சப்பிள்ளைக்கு அம்மை போட்டுச்சுன்னா? யாரும் என்னையச் சொல்ல மாட்டாக. எனக்கே தெரியும்ல."

"சாமி உங்க கண்ணைத் திருப்பித் தருமா?"

"வாய மூடு கழுதை!" என்று கத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊர் மேல், சாமி மேல், அப்பா மேல் எல்லார் மேலும் கோபம். நான்கைந்து நாள் அவரோடு பேசவில்லை. அம்மாதான் சொன்னாள்: "உனக்கு மட்டுந்தான் வருத்தமா? போட்டுட்டுப் போகணும்னு அந்த நீலச் சட்டையத் தேச்சு வாங்கி வச்சிருந்தாக. இன்னைக்குத்தான் அதைத் திருப்பிப் பெட்டியில வச்சாக."

திருவிழா முடிந்தது. கையோடு மழை வந்தது. கேரளத்து மேகம் மலை தாண்டி எங்கள் பக்கம் சாரல் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட, நான் ஒருத்தி மட்டும் ஜன்னலில் நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவையும் சும்மா விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் ஓரத்தில் ஊறுகாய் தெரிகிறதா என்பேன். தெருவில் போனால் எதிர்வீட்டு மாடியில் யார் நிற்கிறார்கள் என்பேன். எல்லாம் தெரிகிறது, தெரிகிறது என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பரீட்சையா வைக்கிற? கண்ணு என்னுதா, உன்னுதா?" என்று எரிந்து விழுந்தார். ஆனால் ஐப்பசிக்குள் அவர் சைக்கிள் ஓட்டுவதைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

தையில் போனோம். அமாவாசை. நீலச் சட்டைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அப்பா கல்யாண மாப்பிள்ளை கணக்காக நின்றார். படகுக்காரர் தனிப் படகில் முன்னால் போக, நாங்கள் இருவரும் ஒரே கயாக்கில் பின்னால் போனோம். அப்பா துடுப்புப் போட்டது முற்றத்தில் போட்டதைவிட மோசம், முகத்தில் பாதி உப்புத் தண்ணீர். ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதோ பாருங்க பாறை, இதோ பாருங்க பறவை என்று வாய் ஓயாமல் காட்டிக்கொண்டே போனேன். எதையாவது அவர் பார்க்காமல் விட்டுவிடுவாரோ என்று ஒரே பதைப்பு.

படகுக்காரர் வெளியே நின்றுகொள்ள, நாங்கள் மட்டும் குகை வாயில் குனிந்து உள்ளே போய், அவர் சொன்னபடி கயாக்கைத் திருப்பி வெளியே பார்க்க நிறுத்தினோம். எதிரே குகை வாய் வட்டமாக வெளிச்சத்தோடு இருந்தது. அதற்குள் கொஞ்சம் வானமும் அந்தப் பச்சைத் தண்ணீரும் தெரிந்தன.

"தெரியுதாப்பா? பச்சையாத் தெரியுதா?"

"தெரியுதுத்தா. நல்லாத் தெரியுது."

"இந்தப் பக்கம் பாருங்க, பாறை எவ்வளவு..." என்று காட்டக் கையை நீட்டினேன்.

"உனக்குத் தெரியுதா பாறை?" என்று கேட்டார்.

பார்த்தேன். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. "இல்லப்பா. நடுவுல அந்த வெளிச்சந்தான் தெரியுது. சுத்தி ஒரே இருட்டு."

"எனக்கு வீட்டுலயே இப்படித்தான்த்தா இருக்கு" என்றார்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். வெளியிலிருந்து படகுக்காரர், கடல் ஏறத் தொடங்கிவிட்டது, வாருங்கள் என்று கூப்பிட்டார். நான் அவசரமாகத் துடுப்பை எடுத்தேன். அப்பா தன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு திரும்பாமலே சொன்னார்:

"செத்த நேரம் இருப்போம்த்தா. இங்கன நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலத் தெரியுது."