தையல்காரன் பக்கம் நின்ற பாஞ்சாலை

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு முகம் எழுதுகிற பாஞ்சாலைக்கு ரத்தம் ஆகாது. விரலில் முள் குத்தினால் மயங்கி விழுவாள். வீட்டில் மீன் கழுவுவது புருஷன் காத்தவராயன்தான். அது முடியும்வரை அவள் தெருமுனையில் நிற்பாள்.

ஆனால் படம் என்றால் வெட்டு, குத்து, குடல் சரிவது எல்லாம் வேண்டும். வெட்டுகிறவனே கதாநாயகனாகவும் இருக்க வேண்டும். அந்த மாதிரிப் படம் ஓடினால் காத்தவராயன் போர்வைக்குள் போய்விடுவான்.

"ஏண்டி, கொலைகாரனுக்குப் போயி கை தட்டறியே!"

"போலீசுக்கு ஊரே இருக்குது. அவனுக்கு யாருய்யா இருக்கா?"

அது பாதி உண்மை. மீதியைப் பட்டறையில் பார்க்கலாம். காலையிலிருந்து சாயந்திரம்வரை பொம்மைகளுக்குச் சிரிப்பு எழுதுவாள். முதலாளி ராஜ்மோகன் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவாள். அவள் ஆட்டிய வேகத்தில் மின்விசிறியே தேவைப்படவில்லை என்று பட்டறையில் சொல்வார்கள், நான் நம்புகிறேன். இப்படி ஆட்டி ஆட்டித்தான் மண் மிதிக்கும் வேலையிலிருந்து முகம் எழுதும் பலகைக்கு வந்தாள். யாருக்கும் தலையாட்டாத ஒருவனைப் படத்தில் பார்த்தால் அவளுக்கு உடம்பு வலி போய்விடும்.

நல்லூரிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க மாப்பிள்ளை பொண்ணு பொம்மை. பொண்ணுகளின் உதட்டுக்குச் சிவப்பு கிளேஸ் பூச்சு தீட்டும்போது, பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களை எல்லாம் கத்தரிக்கோலால் தீர்த்துக்கட்டும் தையல்காரன் கதை. போலீஸ் அவன் கதவைத் தட்டியது. "ஓடு தம்பி, பின்னாடி வழி இருக்குது!" என்று பாஞ்சாலை பதறினாள். பதற்றத்தில் தூரிகை அழுந்தியது. கிளேஸைக் கெட்டியாகப் பூசினால் சூளைச் சூட்டில் உருகி வழியும் என்பது அவளுக்குத் தெரியாததா? தையல்காரன் தப்பிக்க வேண்டுமே!

சூளையைத் திறந்தபோது ஒவ்வொரு பொண்ணின் வாயிலிருந்தும் மோவாய்வரை சிவப்பு வழிந்திருந்தது. நடுவில் பாஞ்சாலை எழுதிய அழகான சிரிப்பு. பக்கத்தில் மாப்பிள்ளைகள் கண்ணை அகல விரித்து நின்றார்கள்.

பொம்மையை வாங்கக் கல்யாணப் பெண்ணோடு வந்த அவள் அம்மா போட்ட அலறலில், கிழக்கே போகிற மணிமுத்தாறு சற்று நேரம் மேற்கே ஓடியது.

"அடிப்பாவி! கல்யாணத்துக்கு வர்றவங்க கையில இதையா குடுக்கறது?"

ராஜ்மோகன் பாஞ்சாலை பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீ மண்ணு மிதிக்கப் போயிடு. பலகையில வேற ஆளு உக்காரட்டும்."

பாஞ்சாலையின் தலை வழக்கப்படி ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது.

"முடியாதுங்க."

சொன்னது யார் என்று அவளே திரும்பிப் பார்த்தாள். பிசிறு சுரண்டும் கத்தி கையில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. ராஜ்மோகன் கவனித்தார். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"தப்பு என்னுதுதான். ராவும் பகலுமா உக்காந்து வேற எழுதித் தரேன். பலகைய மட்டும் வுட மாட்டேங்க."

"மொதல்ல அந்தக் கத்தியக் கீழ வையி, தாயே. பலகை உன்னுதுதான். நான் இல்லேன்னு சொன்னனா?"

கல்யாணப் பெண் மதிவதனி பொம்மை ஒன்றைக் கையில் எடுத்தாள். மண்டபத்திலிருந்து மூக்குத்திவரை மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கெல்லாம் இரண்டு மாதமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"அக்கா, 'முடியாதுங்க'ன்னு எப்படிச் சொன்னீங்க?"

"தெரியலம்மா. வாயில வந்துடுச்சி."

மதிவதனி பொம்மையின் சிவந்த மோவாயைத் தடவிப் பார்த்தாள். "வேற எழுத வேணாங்கா. இதையே கட்டிக் குடுங்க."

"ஏண்டி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. அக்கா, மாமியாருக்குத் தனியா ஒண்ணு வேணும். நல்லா வழிஞ்சதாப் பாத்துக் குடுங்க."

பாஞ்சாலை பெட்டிக்குள் குனிந்து தேடினாள். ஒன்றை எடுப்பாள், அதைவிட வழிந்த இன்னொன்று கண்ணில் படும்.