மீன் வெட்டத் தெரியாத கணக்காளர்

இந்த நாட்டில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு மீன் மணக்கக் கூடாது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டின் மீன் பகுதியில் நான் வேலைக்கு நின்ற காலத்தில் முதலில் விளங்காத விஷயம் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, "இது மீன் மணம் அடிக்குமா?" என்று கேட்பார்கள். அடிக்காது என்றால் முகம் மலரும். தலை இருக்கக் கூடாது, தோல் இருக்கக் கூடாது, முள் இருக்கவே கூடாது. ஒரு நாள் ஐஸின் மேல் முழு மீன் ஒன்றை வைத்திருந்ததற்காக, ஒரு தாய் தன் மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள். மீனின் கண்ணைக் கண்டால் பிள்ளை பயப்படுமாம். நான் இலங்கையில், மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவள். எங்கள் கரையில் மீன் மணம் என்று தனியாக ஒன்று கிடையாது, காற்றே அதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளை அங்கியும் வலைத்தொப்பியுமாக நின்ற எனக்கு மீன் வெட்டத் தெரியாது என்பதை வாங்க வந்தவர்கள் யாரும் அறியமாட்டார்கள். எனக்குத் தெரிந்த தொழில் கணக்கு.

படித்து முடித்துவிட்டு ஃபைலையும் அணைத்துக்கொண்டு மன்னார் பஸ்ஸில் ஏறுகிற தங்கச்சிமாரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டுக்கு வராதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டீர்கள், நானும் கேட்கவில்லை. இங்கே வந்து மூன்றாம் மாதமே இதே கதையோடு இருக்கும் பெண்கள் எத்தனை பேரைக் கண்டேன். ஊரில் பல் வைத்தியராக இருந்தவர் பிறர் வீட்டுப் பிள்ளை பார்க்கிறார், ஆசிரியையாக இருந்தவர் கோப்பிக்கடையில் நிற்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான்.

என் அப்பா சூசைதாசன். சொந்தப் படகும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டி அல்ல, சம்மாட்டியின் படகில் பங்குக்குப் போகிறவர். வீட்டில் அம்மாவும் அக்காமார் இருவரும் கருவாட்டுக்கு மீன் கீறுவார்கள். உப்பில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிருக்கும். என்னை மட்டும் அப்பா அந்தப் பக்கம் விடமாட்டார். நான் கத்தியைத் தொட்டாலே, "நீ போய்ப் படி. ஒருத்தியெண்டாலும் கந்தோர்க் கதிரையில இருக்கவேணும்" என்று அலுவலக வேலையை நினைத்துச் சொல்வார். அக்காமாருக்கு அது பிடிக்காது. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படித்தான் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் மீன் வெட்டத் தெரியாத பிள்ளையாக வளர்ந்து, யாழ்ப்பாணத்தில் தங்கிப் படித்து, கணக்கியல் டிப்ளோமாவோடு ஊருக்குத் திரும்பினேன்.

முதல் வேலைக்கே அனுபவம் கேட்கும் வித்தை கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. மன்னார் பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். அதை எங்கே எடுப்பது என்று கேட்டேன். "வேற எங்கயாவது வேலை செய்துபோட்டு வாங்கோ" என்றார் அங்கிருந்தவர். இன்னோர் இடத்தில் அனுபவத்தைக் கேட்கவில்லை, ஆரைத் தெரியும் என்று கேட்டார்கள். ஆரையும் தெரியாது என்றதும் ஃபைலை மூடி என் பக்கமே தள்ளிவிட்டார்கள். வெளியே வந்தால் பஸ் நிலையத்தில் கழுதைகள் நிழலுக்கு நின்றன. அந்த ஊரில் அனுபவம் கேட்கப்படாமல் நிற்க இடம் கிடைத்தது அவற்றுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பேசாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

கடைசியில் ஒரு கடற்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முகாமையாளர் என் சான்றிதழைத் திறக்கவே இல்லை.

"எந்த ஊர் பிள்ளை?"

"பேசாலை, ஐயா."

"ஆரின்ர மகள்?"

"சூசைதாசன்ர மகள்."

"எந்தச் சூசைதாசன்? கால் விந்தி நடக்கிறவரோ?"

"ஓம் ஐயா."

"அந்த மனிசன் பொய் சொல்லாது. கதிரையில இருங்கோ."

அந்தக் கதிரையில் மூன்று வருடம் இருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை அப்பா ஒரு நாள் வந்து கந்தோர் வாசலில் நின்றார். உள்ளே வாங்கோ என்று கூப்பிட்டேன். "கடலால வந்தனான், மணக்கும்" என்று சொல்லி வாசற்படியிலேயே நின்று, நான் கணக்கு எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் தகப்பனைச் சொல்லவேண்டும் என்பதை நான் அந்த முகாமையாளரின் மேசையில்தான் கற்றேன். அது எனக்குச் சரியான பாடமாகவே பட்டது.

பிறகு றெஜியைக் கலியாணம் கட்டினேன். அவரும் பேசாலைதான், ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. நான் கனடாவில் வந்து இறங்கியதும் புதிதாக வந்தவர்களுக்கு வேலை தேட உதவும் நிலையமொன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கிருந்த ஆலோசகர் தன்மையான பெண். என் சுயவிபரத்தைக் கையில் எடுத்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாக வெட்டினார். சமயம், வெட்டு. விவாகமானவர், வெட்டு. நற்சான்று தரக்கூடியவர்: பங்குத்தந்தை, வெட்டு. தகப்பனின் பெயர் என்ற வரிக்கு வந்ததும் பேனையை நிறுத்தி, "இது எதற்கு?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அதையும் வெட்டினார். மூன்று வருடக் கூட்டுறவுச் சங்கம் ஒரு வரியாகச் சுருங்கி அடியில் போய்க் கிடந்தது.

அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் வருவதில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால்கூட என்னையும் ஒரு மனிசியாக நினைத்தார்களே என்று ஆறுதல்படலாம், அதுவும் கிடையாது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சுப்பர்மார்க்கெட்டின் கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கணக்குப் பிரிவு மேல்மாடியில். ஆளெடுக்கும் பொறுப்பில் இருந்தவரின் பெயர் டெபி. கைகுலுக்கி, தண்ணீர் தந்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

என்னைப் பற்றிக் கேட்டால் நான் எங்கே தொடங்குவேன்? நிமிர்ந்து இருந்து, என் அப்பா இலங்கையில் மன்னார்த் தீவில் ஒரு மீனவர், நேர்மையான மனிதர், நாங்கள் மூன்று பெண்கள், ஆலயத்துக்குப் பக்கத்தில் வீடு என்று தொடங்கினேன். டெபியின் கண்கள் விரிந்தன. "மீனவரா! எவ்வளவு அழகு" என்றார். நான் நல்லாய்ச் செய்கிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சொன்னேன். அப்பாவின் நேர்மையைப் பற்றிச் சொன்னேன். என்ன கணக்கு மென்பொருள் பாவித்தேன், மாதக் கணக்கை எப்படி முடித்தேன் என்பதற்கு வரும்போது நேரம் முடிந்துபோயிற்று. "கனேடிய அனுபவம் ஏதாவது?" என்று எழும்பியபடியே கேட்டார். இல்லை என்றேன். அடுத்த கிழமை அவரே தொலைபேசியில் பேசினார். கணக்குப் பிரிவுக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். ஆனால் கீழே மீன் பகுதியில் ஓர் இடம் இருக்கிறதாம். "உங்கள் பின்னணிக்கு மிகவும் பொருத்தம்" என்றார். அவர் என்னை அவமானப்படுத்தவில்லை. எனக்கு ஒரு நன்மை செய்வதாகவே நினைத்தார். அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது.

"போங்கோ. உள்ளுக்க போயிட்டா மேல ஏறலாம்தானே" என்றார் றெஜி. வாடகை கட்டவேண்டும். போனேன்.

முதல் நாள் ஒரு முழுச் சால்மன் மீனை என் முன்னால் போட்டுவிட்டு, அங்கே நெடுநாளாக வேலை செய்யும் போர்த்துக்கல்காரி மரியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மீனவன் மகள் வருகிறாள் என்று டெபி சொல்லியிருந்தார். நான் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்தே மரியா சிரித்துவிட்டாள். "உன் அப்பா உண்மையாகவே மீனவர்தானா?" என்று கேட்டாள். அவர் மீனவர் என்பதால்தான் எனக்கு இது தெரியாது என்றால் அவளுக்கு விளங்குமா? தலையை எப்படி ஒரே வெட்டில் எடுப்பது, தோலை எப்படி உரிப்பது, முள்ளை எப்படி இடுக்கியால் பிடுங்குவது எல்லாம் அவள்தான் காட்டித் தந்தாள். தலைகள் எல்லாம் ஒரு நீல வாளிக்குள் போகும். பின்னேரம் யாரோ வந்து கழிவோடு எடுத்துப் போவார்கள்.

அப்பாவுக்கு நான் மறைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீடு வந்த நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தேன்.

"வேலை கிடைச்சிட்டுது அப்பா."

"கந்தோரோ?"

"இல்லை அப்பா. மீன் கடை. மீன் வெட்டுற வேலை."

"ஆர் உனக்கு வெட்டப் பழக்கினது?" என்று கேட்டார்.

"இங்க வேலை செய்யிற ஒரு பொம்பிளை."

"கத்தி கவனம்" என்று சொல்லித் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அன்று மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். அதற்குப் பிறகு அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை. பனி கொட்டுதோ என்று மட்டும் கேட்பார்.

இரண்டு வருடம் கழித்து மேல்மாடியில் அதே வேலைக்கு மறுபடியும் ஆள் கேட்டார்கள். இந்த முறை எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. கனேடிய அனுபவம் கேட்டார்கள், அதுதான் இப்போது கைநிறைய இருக்கிறதே. டெபி என்னைக் கண்டதும் மகிழ்ந்துபோனார். "உங்கள் மேலாளர் உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்கிறார். அனுபவமும் வந்துவிட்டது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனால் அது மீன் பகுதியில்தானே. மேலே கணக்கில் அனுபவம் உள்ளவரைத்தான் பார்க்கிறார்கள்" என்றார். வேண்டுமென்றால் மீன் பகுதிக்கே என்னைப் பொறுப்பாக்கச் சிபாரிசு செய்வாராம். நன்றி சொல்லிவிட்டுக் கீழே வந்து, குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே மட்டும்தான் யாரும் சும்மா வரமாட்டார்கள்.

அந்தப் பனி மாரியில்தான் நான் முகாமையாளரின் மேசையில் படித்ததை மறக்கப் படித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு றெஜி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்பார். நான் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா வரக் கூடாது, ஊர் வரக் கூடாது, அக்காமார் வரக் கூடாது. நான் கணக்குப் பதிவில் தேர்ச்சி பெற்றவள், நெருக்கடியிலும் நிதானமாக வேலை செய்பவள், தனியாகவே பொறுப்பெடுத்துச் செய்யக் கூடியவள் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்புவித்தேன்.

"நல்லாயிருக்கு. ஆனா வேற ஆரோ ஒருத்தி கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் றெஜி.

"அந்த ஒருத்திதான் அவைக்கு வேணுமாம்" என்றேன்.

வீடுகளுக்குச் சூடாக்கும் இயந்திரம் பொருத்தித் திருத்தும் ஒரு சின்னக் கொம்பனியில், அந்த ஒருத்தியை முதல் சந்திப்பிலேயே எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் மீன் பகுதியை விடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. ஆனால் மேசை, கதிரை, ஜன்னல் எல்லாம் இருந்தது. றெஜி கேக் வாங்கி வந்தார். நானும் சந்தோசமாகத்தான் சாப்பிட்டேன். படுக்கும்போதுதான் நெஞ்சு கசந்தது. மன்னாரில் அப்பாவைச் சொன்னதால் எனக்குக் கதிரை கிடைத்தது. இங்கே அப்பாவைச் சொன்னதால் கத்தி கிடைத்தது. அவரை வாயிலிருந்து எடுத்துவிட்ட பிறகுதான் மறுபடியும் கதிரை கிடைத்தது.

போன வருடம் ஊருக்குப் போனேன். அப்பாவோடு மன்னார் மீன் சந்தைக்குப் போய் விளைமீன் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். மீன்காரர் என் உடுப்பையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, "பிள்ளை ஆர்?" என்று கேட்டார். "நான் கனடாவில ஒரு கொம்பனியில கணக்காளரா வேலை செய்யிறன்" என்று வாய் தானாகவே சொன்னது. "அது சரி பிள்ளை, ஆர் நீங்கள்?" என்று அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். நான் அடுத்த சொல்லைத் தேடுவதற்குள், "என்ர மகள்தான்" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. மீன்காரர் உடனே முகம் மலர்ந்து நல்ல மீனாக எடுத்துத் தந்தார்.

வீட்டில் அம்மா கத்தியை எடுத்தபோது, "விடுங்கோ அம்மா, நான் வெட்டுறன்" என்று வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் மீனில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அப்பா கிணற்றடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்றிருந்தது. ஒரே வெட்டில் தலை, பிறகு தோல், பிறகு முள். வெள்ளைத் துண்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, தலையையும் முள்ளையும் வழித்துப் பூனைக்கு வைத்திருந்த சட்டிக்குள் போட்டேன்.

அப்பா எழும்பி விந்தி விந்தி வந்தார். எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் அவருக்குத்தான். குனிந்து பூனைச் சட்டியிலிருந்து தலையை எடுத்தார். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, குழம்புச் சட்டிக்குள் தானே வைத்தார்.

"அங்க தலையை என்ன செய்வினம்?" என்று கேட்டார்.

"எறிஞ்சுபோடுவம் அப்பா."

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா வெட்டுறாய், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய்க் கிணற்றடியில் இருந்துகொண்டார்.